32 பவுண்ட் ட்ரைபாட்: காலு ஓகே, தலதான் தொங்குது

எடின்பரோல இருக்கேன், ஜூன் ஜூலைல இங்க ராத்திரின்னு ஒண்ணு முழுசா வரவே வராது, ஜூன் 21 வாக்குல சூரியன் பத்து மணிக்குத்தான் மறையுது, காலைல நாலரைக்கெல்லாம் திரும்ப வந்து நிக்குது. அந்த நடு நேரத்துல சில நாள் வடக்கு அடிவானத்துக்கு மேல வெள்ளி கலந்த நீலத்துல, சல்லடத் துணிய உதறிப் போட்ட மாதிரி ஒரு மேகம் மின்னும், நாக்டிலூசன்ட் மேகம், சுருக்கமா என்எல்சி. அம்மாகிட்ட போன்ல என்எல்சி பாக்கப் போறேன்னேன், ஏன்டா நெய்வேலிக்கா வர்ற, சொல்லவே இல்லையேன்னு கேட்டாங்க.

இதப் படம் புடிக்கத்தான் ஏப்ரல்ல ஆஃபர்ல இந்த ட்ரைபாட, அதாவது மூணு கால் கேமரா ஸ்டாண்ட வாங்கினேன், மேல கேமராவ மாட்டுற பாகம்தான் தல. அலுமினியம், ஒண்ணேகால் கிலோ, மடக்கினா பேக்பேக்குக்குள்ள போயிரும். பிராண்ட் பேர் வேணாம், இதே சாமான் நாலஞ்சு பேர்ல விக்குது. கூட ஒரு போன் கிளிப் ஓசியா வந்துச்சு, டிராயர்ல தூங்குது.

மொதல்ல, இந்த வேலைக்கு 300 பவுண்ட் கார்பன் ட்ரைபாட் தேவையான்னா தேவையே இல்ல. சாதா மேகம் பத்து கிலோமீட்டர் உயரத்துல இருட்டிப் போயிருக்கும்போது இது 80 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, அதனால கீழ மறைஞ்ச சூரியன் வெளிச்சம் அதுமேல நேராப் படுது. மேகம் நல்லா வந்த நாள்ல கேமரா செட்டிங் ஐஎஸ்ஓ 400, எஃப் 2.8, ரெண்டு மூணு செகண்ட் வெளிச்சம் வாங்கினாப் போதும், அவ்ளோதான். பால்வீதி எடுக்குற பழக்கத்துல இருபது செகண்ட் வெச்சீங்கன்னா அந்த மெல்லிசான அலையெல்லாம் இழுவிப் போயி வெறும் வெள்ளத்துணியாத்தான் வரும். மூணு செகண்ட் ஆடாம நிக்க இந்தக் காலு போதும்.

மொத ராத்திரி ஊருக்குள்ளயே இருக்குற கால்டன் ஹில் குன்று. 12 மணிக்கு மேல போனேன், ஜூன்லயும் ஜாக்கெட் இல்லாம நிக்க முடியல. வடக்கே தாழ்வா கப்பெல்லா நட்சத்திரம் தெரியும், அதுதான் அடையாளம், கேமரா பின்னாடி ஸ்கிரீன்ல (லைவ் வியூ) அத பெருசாக்கி ஃபோகஸ் வெச்சிட்டா தொந்தரவு இல்ல. 50 எம்எம் குட்டி லென்ஸ் போட்டு எடுத்த அத்தன படமும் ஷார்ப். நடுத் தண்ட மட்டும் ஏத்தாதீங்க, ஏத்தினா தென்னமரம் மாதிரி ஆடும். கீழ இருக்குற கொக்கில பைய மாட்டலாம்னாங்க, மாட்டினா காத்துல பை ஊஞ்சலாடி அதுவே கேமராவ ஆட்டுது, பை தரையத் தொட்டும் தொடாம இருக்குற மாதிரி மாட்டினாத்தான் சரியா இருக்கு.

பஞ்சாயத்து ரெண்டாவது தடவதான் ஆரம்பிச்சுது. போர்ட்டொபெல்லோ பீச், எதிர்ல தண்ணிக்கு அந்தப்பக்கம் ஃபைஃப் கரை லைட்டுங்க, மேல மேகம் செம்மையா வந்துருச்சு, சரி வரிசையா படம் எடுத்து வீடியோவா வேகமா ஓட்டுற டைம்லாப்ஸ் போடுவோம்னு பெரிய ஜூம் லென்ஸ மாட்டி எட்டு செகண்டுக்கு ஒண்ணுன்னு வெச்சிட்டு பிளாஸ்க்ல இருந்த டீய குடிச்சிட்டு உக்காந்துட்டேன். ஒரு மணி நேரம், 450 படம், 18 செகண்ட் வீடியோ. வீட்டுக்கு வந்து ஓட்டிப் பாத்தா மேகம் அழகா மெதுவா மேல ஏறுது, ஆஹான்னு இருந்துச்சு. இது பொதுவா கிழக்குல இருந்து மேற்காத்தானே நகரும், வடக்க பாத்து நின்னா வலமிருந்து இடம், இது ஏன் மேல போகுதுன்னு திரும்ப ஓட்டினா ஃபைஃப் கரை லைட்டும் சேர்ந்து மேல ஏறுது! தல கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி சாஞ்சு கேமரா கீழ பாத்திருக்கு. பாக்ஸ்ல எட்டு கிலோ தாங்கும்னு போட்டிருக்கான், என்னோடது கேமரா லென்ஸ் எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோ கூட வராது. திருகிய எவ்ளோ இறுக்கினாலும் அதே கததான்.

1889ல ஓட்டோ யெஸ்ஸேன்னு ஒரு ஜெர்மன்காரர் பெர்லின் பக்கம் ரெண்டு எடத்துல கேமரா வெச்சு, இதே மேகத்த ஒரே நேரத்துல படம் புடிச்சு, கோண வித்தியாசத்த வெச்சு உயரம் 82 கிலோமீட்டர்னு சொல்லிட்டாரு, இன்னிக்கு அளந்தாலும் கிட்டத்தட்ட அதேதான் வருது. அந்தக் காலத்து ஸ்டாண்டு நின்னிருக்கு, இது நிக்கல.

கம்ப்ளெயின்ட் பண்ணினா ரிட்டர்ன் 30 நாள்தான், முடிஞ்சு போச்சுங்குறாங்க. ஏப்ரல்ல வாங்கின சாமானுக்கு ஜூன்லதானே வேலையே வருது, என்ன பண்றது. அதனால சீசனுக்குனு வாங்குறவங்க வந்த அன்னிக்கே உங்ககிட்ட இருக்குறதுலயே கனமான லென்ஸ மாட்டி, சுவத்துல ஒரு புள்ளிய பாத்து ஒரு மணி நேரம் விட்டுப் பாத்துருங்க.

ஒரே ஆறுதல், தல தனியா கழண்டு வருது, உள்ள வழக்கமான 3/8 இன்ச் திருகுதான். செகண்ட் ஹேண்ட்ல 20 பவுண்டுக்கு ஒரு பால் ஹெட் (உருண்டை மேல திரும்புற தல) வாங்கி மாட்டிட்டேன், இப்ப அதே ஜூம் லென்ஸ் ஒரு மணி நேரம் அசையல. பீச் மண்ணு உள்ள போயும் கால் லாக் நறநறன்னு சத்தம் போடுதே தவிர புடிமானம் குறையல. காலுக்கு நாலு ஸ்டார், தலைக்கு ஒண்ணு, அந்த ஒண்ணும் கழண்டு வந்ததுக்காக. ஆகஸ்ட் மொத வாரம் வரைக்கும் சீசன் இருக்கு, ஆனா மூணு நாளா கடல்ல இருந்து பனிமூட்டம் ஏறி வந்து எதிர்க்கரையே தெரியல.