படுவான்கரை இருட்டுக்கு மலிவு லைட்டு: பழைய எக்ஸ்எல்ஆரில் பூட்டி ஓடிய அனுபவம்

சோடி 2,800 ரூபாய்க்கு வாங்கிய சைனா எல்ஈடி லைட்டு, 2023 பெரும்போக விதைப்புக்குக் கொஞ்சம் முன்பிருந்து என் பழைய ஹோண்டா எக்ஸ்எல்ஆர் 250 மோட்டார் சைக்கிளில் கிடக்கிறது. இன்னும் எரிகிறது. வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் ஓம், வாங்கலாம்தான். ஆனால் லைட்டுக்குக் கொடுத்த காசைவிடக் கூடுதலாக வயருக்கும் ரிலேக்கும் பிராக்கெட்டுக்கும் செலவழிக்க மனமிருந்தால் மட்டும் வாங்குங்கள். எனக்கு அந்தச் சில்லறைச் சாமான்களும் கூலியும் சேர்ந்து 4,500ஐத் தாண்டியது. லைட்டை மட்டும் வாங்கி ஹெட்லைட் வயரில் முறுக்கி டேப் சுற்றிவிடுவோம் என்று நினைத்தால், அந்த 2,800ஐயும் மிச்சம் பிடித்துக்கொள்ளலாம்.

எனக்கு வீடு மட்டக்களப்பு ஆரையம்பதியில், வயல் வாவிக்கு மேற்கே படுவான்கரையில், தாந்தாமலைப் பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அந்தக் கரைக்குப் போவது பெரிய காரியமில்லை, கொக்கட்டிச்சோலை வரைக்கும் கார்ப்பெட் ரோட்டு, கடை, வெளிச்சம் எல்லாம் இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே போகப் போகத்தான் கிறவல், பிறகு குளக்கட்டு, பிறகு வயல் வரம்பு. தண்ணீர் திருப்புகிற காலத்திலும் கதிர் முற்றுகிற காலத்திலும் இரவில் போகாமல் இருக்க முடியாது. அந்த நேரத்தில் ரோட்டில் இருக்கக்கூடியவை: நடு ரோட்டில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு, முன்னும் பின்னும் லைட்டே இல்லாமல் வரும் லேண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு மெஷின்), போன மழை அரித்துப் போட்ட கிடங்கு, அப்புறம் யானை.

வண்டியில் கிடந்தது 35/35 வாட் எச்எஸ்1 பல்ப். அந்த பல்புக்குச் சொல்லப்பட்ட அளவே ஹையில் 825 லுமன், லோவில் 525 லுமன். கார்களுக்குப் போடும் எச்4 ஹையில் 1,650 தரும் என்பதை நினைத்தால் எவ்வளவு குறைவு என்று விளங்கும். போதாக்குறைக்கு உள்ளே ரிஃப்ளெக்டர் மங்கிப் போயிருந்தது. 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது வண்டி ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் ஓடுகிறது. மாட்டைக் கண்டு பிரேக்கைப் பிடிக்கவே ஒரு செக்கன் போய்விடும், உதிரிக் கிறவலில் சறுக்காமல் நிற்க இன்னும் 15 மீற்றராவது வேண்டும். பழைய லோ பீமில் எனக்கு வடிவாகத் தெரிந்த தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது கண்டதும் நின்றால் மாட்டின் வாலடியில்தான் நிற்பேன்.

இப்படிப் பிரச்சினை வந்தால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது உள்ளே இருக்கும் பல்பைக் கழற்றி எல்ஈடி பல்ப் போடுவது. எங்கள் ஊர் ஓட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன் அதைப் பூட்டவே மாட்டேன் என்றார். "தம்பி, அது வெளிச்சமா இருக்கும், ஆனா வெளிச்சம் ரோட்டுல விழாது" என்றார். காரணம் இதுதான்: அந்த ரிஃப்ளெக்டரை வளைத்ததே பல்புக்குள் இழை இருக்கும் இடத்துக்குக் கணக்குப் பார்த்துத்தான். எல்ஈடி சிப் அந்த இடத்தில் மயிரிழை தள்ளி இருந்தாலும் வெளிச்சம் மரத்துக்கும் எதிரே வருகிறவன் கண்ணுக்கும் சிதறிப் போகும். பின்னால் சின்ன ஃபேன் வைத்த பல்புகள் கிறவல் புழுதியைத் தின்று சுற்றாமல் நின்றுவிடுவது வேறு கதை. அதனால் ஹெட்லைட்டை அப்படியே விட்டுவிட்டுத் தனியாக இரண்டு லைட் பூட்டுவது என்று முடிவெடுத்தோம்.

நான் வாங்கியது அலுமினிய உடம்பில் முன்னால் லென்ஸ் வைத்த சின்ன வகை, மஞ்சள், வெள்ளை இரண்டும் எரியும். பெட்டியில் 120 வாட், 12,000 லுமன் என்று போட்டிருக்கிறது. அதை நம்ப வேண்டாம். மல்டிமீற்றர் வைத்துப் பார்த்தால் ஒரு லைட்டு இழுப்பது 1.2 அம்பியர். 13.8 வோல்ட்டில் அது 16, 17 வாட். நல்ல எல்ஈடி என்றால்கூட வாட்டுக்கு 100 லுமன் என்று வைத்தால் 1,600 வரும், லென்ஸில் போகிறது போக அதற்கும் கீழே. சரி, பொய்தான், ஆனால் இரண்டு லைட்டும் சேர்ந்து 33 வாட்டில் எனக்குக் கிடைப்பது பழைய ஹை பீமைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இவ்வளவு போதும். உண்மையிலேயே 120 வாட் இழுத்திருந்தால் இந்த வண்டியின் சார்ஜிங் அதைத் தாங்கியும் இராது. டெனாலி, பாஜா டிசைன்ஸ் மாதிரிப் பெயர்போன லைட்டுகளில் எழுதியிருப்பதும் எரிவதும் ஒத்துப்போகும், விலையும் சில நூறு டொலர். வயலுக்குப் போகிற வண்டிக்கு அது தேவையில்லை.

வயரிங்தான் இதில் உயிர். லைட்டோடு தந்த வயரின் உறையைச் சீவிப் பார்த்தேன். உள்ளே மேலால் செம்பு நிறம், பிளேட்டால் சுரண்டினால் வெள்ளை. செம்பு பூசிய அலுமினியம். ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் அதிர்வுக்கு அது கொஞ்ச நாளில் முறிந்துவிடும், முறிகிற இடம் எப்போதும் உறைக்குள்ளே, வெளியே தெரியாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓட்டோ வயரிங்குக்குப் போடும் ஒரு சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் இழுத்தோம். பெற்றரி பிளஸ்ஸில் இருந்து 5 அம்பியர் பியூஸ், பெற்றரிக்கு ஒரு சாணுக்குள்ளேயே. இந்த இடம் முக்கியம், பியூஸைக் கொண்டுபோய் லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் உரஞ்சி உடம்பில் பட்டாலும் பியூஸ் போகாது, வயர்தான் எரியும். பியூஸில் இருந்து ரிலேயின் (சின்ன சுவிச்சைத் தட்டினால் பெரிய மின்சாரத்தை இணைத்துவிடும் பெட்டி) 30ஆம் கால், 87இல் இருந்து லைட்டுக்கு, 85 ஏர்த், 86க்கு ஹாண்டிலில் இருக்கும் சுவிச். அந்த சுவிச்சுக்கு மின்சாரம் பின் லைட் வயரில் இருந்து வருகிறது, ஆகவே சாவியை மூடினால் லைட்டும் அணைந்துவிடும். இது எனக்குக் கட்டாயம் தேவைப்பட்டது. எக்ஸ்எல்ஆரில் கிடப்பது சின்னப் பெற்றரி. வயல் காவல் வாடியில் பேச்சுச் சுவாரஸ்யத்தில் லைட்டை மறந்து விட்டு உட்கார்ந்தால் ஒரு மணித்தியாலம்கூட தாங்காது. கிக் அடித்து எழுப்பலாம்தான், ஆனால் யானையை விரட்டப் போடும் யானை வெடி சத்தம் கேட்கிற இடத்தில் கிக் அடித்துக்கொண்டு நிற்க எனக்கு ஆசையில்லை.

பூட்டி முடிந்ததும் பெற்றரியில் மீற்றர் வைத்துப் பார்த்தோம். எல்லா லைட்டும் எரிய, சும்மா நிற்கும்போது 12.3. கொஞ்சம் திருகினால் 13.8க்கு ஏறுகிறது. இது நல்லது. முழுத் திருகலில் 15ஐத் தாண்டிப் போகிற வண்டி என்றால் முதலில் சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் கவனியுங்கள், அது கெட்டுப் போயிருந்தால் எந்த லைட்டைப் பூட்டினாலும் போகும், பெற்றரியும் கொதிக்கும்.

இனி எங்கே பூட்டுவது. பெரும்பாலானோர் ஹாண்டிலில்தான் பூட்டுகிறார்கள், கைக்கு எட்டும், பார்க்க வடிவு. நான் கீழே, போர்க்கின் கீழ்க் கிளாம்புக்குப் பக்கத்தில், மட்காட்டுக்கு மேலே இரண்டு பக்கமும் வைத்தேன். காரணம் நிழல். லைட்டு உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் உயரமாக இருந்தால், கிடங்கின் உள்பக்கம் வரைக்கும் வெளிச்சம் நிரம்பிவிடும், நீங்கள் பார்ப்பது ஒரே சாம்பல் தட்டை, டயர் இறங்கும்போதுதான் ஆழம் தெரியும். அதே லைட்டு கீழே இருந்து போனால் கிடங்கின் இந்தப் பக்க விளிம்பு உள்ளே கறுப்பு நிழல் போடும். அந்த நிழலின் நீளத்தைப் பார்த்தே ஆழத்தைச் சொல்லிவிடலாம். கல்லும் அப்படித்தான், முஷ்டி அளவு கல்லுக்குக்கூட பின்னால் ஒரு வால் தெரியும். கொக்கட்டிச்சோலை தாண்டியதும் வரும் மதகடிக் கிடங்குகளை நான் இதனால்தான் முன்கூட்டியே கண்டு விலத்துகிறேன், லுமன் கூடியதால் அல்ல.

இடது லைட்டைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்திருக்கிறேன், ரோட்டோரமும் பற்றையும் தெரிகிற மாதிரி. வலது லைட்டு நேராக, ஆனால் தாழ்வாக. தூரத்துக்கு ஹெட்லைட் ஹை இருக்கிறது. வரம்பிலும் குளக்கட்டிலும் நூறு மீற்றர் தள்ளி என்ன இருக்கிறது என்பதைவிடப் பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதுதான் கேள்வி, அங்கே அகலம்தான் கை கொடுக்கிறது. ஹோண்டாவே 1980களின் பிற்பகுதியில் இதே எக்ஸ்எல்ஆரில் பாஜா என்று இரண்டு பெரிய வட்ட லைட் வைத்த ஒன்றை விட்டது. அந்த லைட்டு இங்கே செகண்ட் ஹாண்டில் கிடைத்தால் அதன் விலைக்கு ஒரு நாம்பன் மாடு வாங்கலாம்.

லைட்டோடு வந்த பிராக்கெட் மெல்லிய இரும்புத் தகடு. வாவிக்கரை உப்புக் காற்றுக்கு அது முதல் மாரியிலேயே கறள் பிடித்து, ஒரு நாள் வளைவில் வெடித்து லைட்டு வயரில் தொங்கியது. பிறகு 3 மில்லிமீற்றர் எவர்சில்வர் தகட்டில் வெட்டிப் போட்டோம், இடையில் பழைய சைக்கிள் டியூப் துண்டு. போல்ட்டும் எவர்சில்வர்தான். எவர்சில்வரும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் அரித்து வெள்ளை மா மாதிரி ஆகும், அதற்காக இணைப்பில் கிரீஸ் தடவுகிறேன்.

மாரியில் வந்த இன்னொரு தொல்லை கண்ணாடிக்குள் ஈரம். தண்ணீர் புகாது என்று பெட்டியில் இருக்கிறது, மழையில் ஓடினால் புகவும் இல்லை. ஆனால் ஒரு மணித்தியாலம் எரிந்து சூடான லைட்டோடு வெள்ளம் பாயும் மதகைக் கடந்தால், உள்ளே இருக்கும் சூடான காற்று சட்டென்று சுருங்கி, சீலின் எந்தச் சின்ன ஓட்டையாலும் தண்ணீரை உறிஞ்சிவிடும். வலது லைட்டில் அப்படித்தான் ஈரப் புகை படிந்தது. கழற்றி, பின் மூடியைத் திறந்து, வெயிலில் காய வைத்து, ஹாட்வெயார் கடையில் வாங்கிய சிலிக்கனைக் கண்ணாடி ஓரத்தைச் சுற்றிப் பூசினேன். இடது லைட்டுக்கும் அப்படியே செய்துவிட்டேன். அதற்குப் பிறகு வரவில்லை. புதிதாக வாங்கினால் பூட்டுவதற்கு முன்பே பூசிவிடலாம்.

மஞ்சளா வெள்ளையா என்பதில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும் என்பது உண்மையில் சரியில்லை, பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது, எந்த நிறமானாலும் ஒரே மாதிரித்தான் சிதறும். ஆனால் நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சள் கண்ணைக் குத்தாது, இதை நானே பார்த்தேன். போன யூலையில் உகந்தை முருகன் கோயிலுக்குப் போனோம். பாணமையைத் தாண்டினால் கிறவல்தான், முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதி அப்படியே அந்தரத்தில் நிற்கும். வெள்ளையைப் போட்டால் சுவர் எழுந்த மாதிரி. மஞ்சளுக்கு மாற்றி, ஹெட்லைட்டை லோவில் வைத்ததும் ரோட்டின் ஓரக்கோடு தெரிந்தது. லைட்டு தாழ்வாக இருந்ததும் ஒரு காரணம், வெளிச்சம் புழுதிக்கு அடியால் போகிறது.

யானை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் லைட்டு வாங்குகிற பாதிப் பேர் இதற்காகவே வாங்குகிறார்கள். மாட்டின் கண் தூரத்திலேயே மினுங்கும். சேறு பூசிய யானை பற்றையோடு ஒட்டி நின்றால் எவ்வளவு லைட்டு இருந்தாலும் இருட்டோடு இருட்டுதான். அகல வெளிச்சத்தால் கால் நாலும் தூண் மாதிரித் தெரியும், அவ்வளவுதான் லாபம். லைட்டைக் கண்டு யானை ஓடும் என்று நம்பாதீர்கள். மின்னி மின்னி எரிகிற ஸ்ட்ரோப் மோட் இந்த லைட்டில் உண்டு, பக்கத்து வயல்காரர் ஒருவர் "அதப் போட்டா ஆனை பயந்திடும்கா" என்றார். அவரும் போட்டுப் பார்க்கவில்லை, நானும் போடப் போவதில்லை. தூரத்திலேயே நின்று, என்ஜினை அணைக்காமல், வந்த வழியே திரும்ப இடம் வைத்துக்கொள்வதுதான் ஊரில் எல்லோரும் செய்வது.

அப்புறம் எதிரே வருகிறவன். கார்ப்பெட் ரோட்டில் இந்த லைட்டை எரியவிட்டுப் போகாதீர்கள். கண்கூசும் லைட்டுப் பூட்டிய வண்டிகளைப் பொலிஸ் மறித்துக் கழற்ற வைக்கிறது, அது நியாயமும்கூட. சுவிச் தனியாக இருப்பதால் பாலத்தடிக்கு வரும்போது அணைத்துவிடுகிறேன், பகலில் லைட்டுக்குக் கறுப்பு மூடி போட்டிருக்கிறேன்.

கடைசியாக, எக்ஸ்எல்ஆர் இல்லாமல் வேறு பழைய டேர்ட் பைக் வைத்திருப்பவர்களுக்கு. சில வண்டிகளில் ஹெட்லைட் பெற்றரியில் இருந்து எரிவதில்லை, என்ஜினில் மின்சாரம் பிறக்கும் காயிலில் இருந்து நேராக ஏசியில் (மாறு மின்சாரத்தில்) எரியும். என்ஜின் நிற்கும்போது சாவி போட்டும் ஹெட்லைட் எரியவில்லை, அல்லது நின்ற இடத்தில் மங்கித் திருகும்போது ஏறுகிறது என்றால் பெரும்பாலும் அந்த வகைதான், மீற்றர் வைத்து உறுதி செய்யுங்கள். அந்த வயரில் எல்ஈடி கொடுத்தால் துடிக்கும், சீக்கிரம் போய்விடும். லைட்டைப் பெற்றரிப் பக்கம் இருந்துதான் எடுக்க வேண்டும், பெற்றரியே இல்லாத வண்டி என்றால் முதலில் ஏசியை டீசியாக்கும் ரெகுலேட்டரும் சின்னப் பெற்றரியும் போட்டுக்கொண்டு பிறகு லைட்டுக் கடைக்குப் போங்கள்.