வாடகை உதவி: வவுச்சரா, கட்டடத்தோடு நிற்கும் மானியமா?

அமெரிக்காவில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு வாடகை உதவி என்றதும் நம்மவர்கள் ‘செக்‌ஷன் 8’ என்பார்கள். அதற்குள்ளேயே வவுச்சர், கட்டட மானியம் என்று இரண்டு வகை உண்டு. அரசு அமைப்பே வீட்டுக்காரராக இருக்கும் பப்ளிக் ஹவுசிங் தனி. பிள்ளைகள், முதியோர், மருத்துவச் செலவு ஆகியவற்றுக்கான தள்ளுபடிகள் போக, மாத வருமானத்தில் சுமார் 30 சதவீதம் உங்கள் பங்கு. மூன்றிலும் அடிப்படைக் கணக்கு இதுதான். மானியம் ஆளோடு வருகிறதா, கட்டடத்தோடு நிற்கிறதா என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வவுச்சர் ஆளோடு வரும். விண்ணப்பம் உள்ளூர் ஹவுசிங் அத்தாரிட்டியிடம், அதாவது வீட்டு உதவியை நடத்தும் அரசு அமைப்பிடம். காத்திருப்போர் பட்டியல் பெரும்பாலும் மூடியே கிடக்கும்; திறந்தாலும் சில நாள்தான், பல ஊர்களில் குலுக்கல் முறை. வவுச்சர் கைக்கு வந்ததும்தான் பாதி வேலையே தொடங்குகிறது. வீட்டை நீங்களே தேட வேண்டும். கெடு குறைந்தது 60 நாள். நீட்டிப்பு வேண்டுமென்றால் கெடு முடிவதற்குள் எழுத்தில் கேளுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்து, வீடு ஆய்வில் தேறிய பிறகுதான் மானியம் ஓடத் தொடங்கும். புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்யாதது, பூட்ட முடியாத ஜன்னல், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தை குடியேறும் 1978-க்கு முந்தைய வீட்டில் உரிந்த பெயின்ட் என ஆய்வில் மாட்டுவது பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். தேறுவதற்கு முன்பே குடியேறினால் அந்த நாட்களின் முழு வாடகையும் உங்கள் தலையில்.

பலர் தடுக்கி விழும் இடம் வாடகை வரம்பு, அதாவது அத்தாரிட்டி கணக்கில் எடுக்கும் அதிகபட்ச வாடகை. தள்ளுபடி போக மாத வருமானம் 1,800 டாலர், அத்தாரிட்டியின் வரம்பு 1,700 டாலர் என்று வையுங்கள். கரன்ட், கேஸ் செலவு சேர்த்து வாடகை 1,850 என்றால் உங்கள் 30 சதவீதமான 540-உடன் கூடுதல் 150-ஐயும் நீங்களே கட்ட வேண்டும்: 690. இதற்கு அனுமதி கிடைக்கும். அதே வீடு 1,950 என்றால் 790 ஆகிவிடும். குடியேறும்போது உங்கள் பங்கு 40 சதவீதத்தை, அதாவது 720-ஐத் தாண்டக் கூடாது என்பதால் வீடு கைவிட்டுப் போகும். மிச்சத்தைத் தனியாகக் கையில் தருகிறேன் என்று வீட்டுக்காரரிடம் பேசி முடிப்பது விதிமீறல், வவுச்சரே பறிபோகலாம். அட்வான்ஸும் பொதுவாக உங்கள் பையிலிருந்துதான்.

ஊரும் முக்கியம். நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் வவுச்சர் என்பதற்காக மட்டும் வீடு மறுப்பது சட்டவிரோதம். டெக்சஸிலோ நகராட்சிகள் அப்படிப் பொதுத் தடை போடுவதையே மாநிலச் சட்டம் தடுக்கிறது. டாலஸில் இருப்பவருக்குக் கெடு முடிவதற்குள் வீடு கிடைப்பதே பெரும்பாடு.

கட்டட மானியத்தில் இந்த ஓட்டம் இல்லை. ஒவ்வொரு குடியிருப்பின் மேனேஜ்மென்ட் அலுவலகத்திலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பட்டியலும் பெரும்பாலும் தனித்தனி. 62 வயது நிரம்பியவர்களுக்கான ‘செக்‌ஷன் 202’ குடியிருப்புகளும் இந்த வகைதான். கிரீன் கார்டு வைத்திருக்கும் வயதான பெற்றோருக்கு வவுச்சரைவிட இதுவே மேல் என்பது எங்கள் கருத்து: வீடு தேடி அலையவும் வேண்டாம், வீட்டுக்காரரைக் கெஞ்சவும் வேண்டாம். குறை ஒன்று உண்டு. வீட்டைக் காலி செய்தால் மானியமும் அங்கேயே நின்றுவிடும். ஹவுசிங் அத்தாரிட்டி வழியாக நடக்கும் ‘ப்ராஜெக்ட் பேஸ்டு வவுச்சர்’ மட்டும் கொஞ்சம் வேறு. ஓராண்டு குடியிருந்த பின், வேறு இடம் போக ஆளோடு வரும் வவுச்சரைக் கேட்கலாம். கையெழுத்துக்கு முன்பே எந்த வகை ஒப்பந்தம் என்று மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள்.

பப்ளிக் ஹவுசிங்கில் வீட்டுக்காரரே அத்தாரிட்டிதான். வருமானத்தைப் பொறுத்த வாடகைக்குப் பதில் நிலையான வாடகையையும் தேர்ந்தெடுக்கலாம். சம்பளம் ஏறிவரும் குடும்பத்துக்கு அது லாபம்.

மூன்றுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாம். ஒன்றில் காத்திருப்பது மற்றதைப் பாதிக்காது. கட்டணமும் கிடையாது, பட்டியலில் இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் மோசடிக்காரர். ஹெச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர் தகுதி பெற மாட்டார். பிள்ளைகள் மாதாமாதம் தரும் பணமும் வருமானம்தான், மறைக்காதீர்கள். முகவரி மாறினால் ஒவ்வொரு பட்டியலுக்கும் தனித்தனியே எழுத்தில் தெரிவியுங்கள். அத்தாரிட்டி அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள்.