புது லேப்டாப் ஸ்கிரீன் மினுக்குதா? நாமளே பாக்குறதா, கடையில மாத்துறதா, சர்வீஸ் சென்டரா, பக்கத்து மெக்கானிக்கா?

புது லேப்டாப்ல ஸ்கிரீன் விட்டு விட்டு மினுக்க ஆரம்பிச்சா நம்ம பக்கத்துல நாலு வழி சொல்லுவாங்க. யூடியூப் பாத்து நீயே செட்டிங்ஸ மாத்துன்னு ஒருத்தர், வாங்குன கடையில தூக்கி குடுத்துருன்னு ஒருத்தர், திருச்சி சர்வீஸ் சென்டருக்கு போன்னு ஒருத்தர், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல தெரிஞ்ச பையன் கடை வச்சிருக்கான் அவன் பாத்துருவான்னு ஒருத்தர். நாலுமே ஒவ்வொரு நேரத்துல சரியான வழிதான், ஆனா புது மெஷின்னா வரிசை ரொம்ப முக்கியம், ஏன்னா உங்களுக்கு ரிட்டர்ன் டைம்னு ஒன்னு ஓடிக்கிட்டு இருக்கு. அந்த நாளு முடியறதுக்கு முன்னாடி கெடைக்கிறது புது மெஷின், முடிஞ்சப்புறம் கெடைக்கிறது ரிப்பேர் பண்ண மெஷின், ரெண்டும் ஒன்னு இல்ல. அதனால வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி பில்ல எடுத்து எத்தன நாள் மிச்சம் இருக்குன்னு பாத்துருங்க.

அடுத்தது எங்க கோளாறுன்னு கண்டுபுடிக்கணும், இதுக்கு அரை மணி நேரம் போதும், ஒரு ஸ்க்ரூ கூட கழட்ட வேணாம். வயலுக்கு தண்ணி வரலைன்னா ஆத்துல இருக்கா, வாய்க்கால்ல அடைப்பா, நம்ம மடையிலயான்னு தானே பாத்துக்கிட்டே வருவோம், இதுவும் அதே மாதிரிதான்: மொதல்ல சாஃப்ட்வேர், அப்புறம் கிராபிக்ஸ் சிப், அங்கேருந்து மூடி வரைக்கும் போற மெல்லிசு கேபிள், கடைசில படம் காட்டுற பேனல்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குனா டாஸ்க் மேனேஜர் வரும். மத்ததெல்லாம் மினுக்கும்போது டாஸ்க் மேனேஜர் மட்டும் ஆடாம அசையாம நின்னுச்சுன்னா ஏதோ ஒரு ஆப் தான் வேலைய காட்டுது, அதுவும் சேந்து மினுக்குனா டிஸ்ப்ளே டிரைவர் (விண்டோஸையும் கிராபிக்ஸ் சிப்பையும் பேச வைக்கிற சாஃப்ட்வேர்) மேல சந்தேகம், இது மைக்ரோசாஃப்ட்டே சொல்ற சோதனை. அப்புறம் லேப்டாப்ப ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணும்போது பயாஸ் ஸ்கிரீனுக்கு, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி இருக்கிற செட்டிங்ஸ் பக்கத்துக்கு போங்க (எஃப்2, எஃப்10, டிலீட், கம்பெனிக்கு ஒரு பட்டன்), அங்க விண்டோஸும் கெடையாது அதோட டிரைவரும் கெடையாது, அங்கயும் மினுக்குனா பெரும்பாலும் ஹார்டுவேர்தான், செட்டிங்ஸ நோண்டி ஒரு நாள கூட வீணடிக்க வேணாம். ஆனா பயாஸ்ல மினுக்கலைன்னா மட்டும் பேனல் நல்லாருக்குன்னு முடிவு கட்டிராதீங்க, சில கோளாறு மெஷின் சூடானப்புறம்தான் வரும்.

அப்புறம் டிவி. நம்ம வீடுகள்ல தனி மானிட்டர் யாருகிட்ட இருக்கு, ஆனா ஹால்ல டிவி இருக்குல்ல, எச்டிஎம்ஐ வயர் போட்டு பாருங்க. டிவியும் மினுக்குனா சிப் இல்லாட்டி டிரைவர், டிவி சுத்தமா இருந்து லேப்டாப் மட்டும் மினுக்குனா கேபிள், பேனல், இல்லாட்டி பேனலுக்குன்னே இருக்கிற பவர் சேவிங் செட்டிங், இந்த மூணுல ஒன்னு. கடைசியா மூடிய மெதுவா முன்ன பின்ன சாய்ச்சு பாருங்க, சித்தி பொண்ணு தஞ்சாவூர்ல காலேஜ் படிக்கிறா, அவ லேப்டாப்ல இப்படித்தான் தெரிஞ்சுச்சு, ஒரு குறிப்பிட்ட சாய்வுக்கு போனா கோடு கோடா ஓடும், கொஞ்சம் நிமித்துனா நின்னுரும். அது கீல் வழியா போற கேபிள் சரியா உக்காராத கோளாறு, உலகத்துல எந்த டிரைவர் போட்டாலும் அது போகாது. அவளுக்கு ஹாஸ்டல் பசங்க விண்டோஸையே புதுசா போட்டு தரேன்னு நின்னாங்க, வேணாம்மா வீடியோ எடுத்துட்டு நேரா கடைக்கு போன்னு சொன்னேன், மாத்தி குடுத்தாங்க.

வீடியோ எடுக்கும்போது ஒரு விஷயம். டியூப் லைட்டு, எல்இடி பல்பு இதுல நெறையது நம்ம ஊரு 50 ஹெர்ட்ஸ் கரன்டுல ஒரு செகண்டுக்கு 100 தடவை மங்கி எரியும், கண்ணுக்கு தெரியாது, ஃபோன் கேமராவுக்கு தெரியும். வீடியோல ரூமே மினுக்குற மாதிரி விழுந்துட்டா கடைக்காரர் லைட்டு தம்பி அதுன்னு சொல்லி அனுப்பிருவாரு. பகல் வெளிச்சத்துல லைட்ட அணைச்சிட்டு எடுங்க, பயாஸ் ஸ்கிரீன் மினுக்குறது, டிவி சுத்தமா இருக்கிறது ரெண்டும் ஒரே வீடியோல வந்துச்சுன்னா அத மறுத்து பேசுறது கஷ்டம்.

சரி, சாஃப்ட்வேர் பக்கம்தான்னு தெரிஞ்சா வீட்டுலயே பாக்குறதுதான் நாலுலயும் சிறந்த வழி, காசு கெடையாது, அலைச்சல் கெடையாது, வாரன்டிக்கும் ஒன்னும் ஆகாது. ஆனா அதுக்குள்ளயும் நாலஞ்சு வைத்தியம் இருக்கு, எல்லாத்தையும் ஒரே நேரத்துல பண்ணா எதுனால சரியாச்சுன்னே தெரியாது, ஒன்னு பண்ணிட்டு கொஞ்ச நேரம் வேலை பாருங்க, அப்புறம் அடுத்தது.

டிரைவர ரோல் பேக் பண்றது (பழைய டிரைவருக்கே திரும்புறது), டிரைவர புதுசா போடுறது, இந்த ரெண்டுல எதுன்னு நெறைய பேர் கேக்குறாங்க. வாங்குனப்ப நல்லா இருந்துச்சு, ஒரு அப்டேட்டுக்கு அப்புறம் ஆரம்பிச்சுச்சுன்னா ரோல் பேக் தான், டிவைஸ் மேனேஜர்ல டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்ல ப்ராப்பர்ட்டீஸ் போனா டிரைவர் டேப்ல இருக்கும். அந்த பட்டன் மங்கலா அமுக்க முடியாம இருந்தா பழைய டிரைவர் மெஷின்ல இல்லன்னு அர்த்தம். மொத நாள்ல இருந்தே மினுக்குச்சுன்னா லேப்டாப் கம்பெனி சைட்டுல உங்க மாடல் நம்பர் போட்டு அங்க இருக்கிற டிரைவர எடுங்க, இன்டெல், ஏஎம்டி சைட்டுல இருக்கிறது இன்னும் புதுசா இருக்கலாம் ஆனா உங்க பேனலுக்குன்னு பாத்து குடுக்குறது லேப்டாப் கம்பெனிதான், அதுல சரியாகலைன்னா மட்டும் இன்டெல், ஏஎம்டி சைட்டுக்கு போங்க. டிரைவர அடியோட தொடைச்சிட்டு போடுற டிடியு மாதிரி டூல் எல்லாம் கடைசி ஆயுதம், அத சேஃப் மோடுல, அதாவது அவசியமானது மட்டும் ஓடுற விண்டோஸ்ல ஓட்டணும், விண்டோஸ் 11ல டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்க பூட்டி வைக்கிறது) ஆன்ல இருந்தா சேஃப் மோடு போகும்போதே 48 இலக்க ரெகவரி கீ கேக்கலாம், அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டுல இருக்கும், முன்னாடியே எடுத்து நோட்டுல எழுதி வச்சுக்குங்க.

என்னைய கேட்டா புது லேப்டாப்ல டிரைவர விட அதிகமா சந்தேகப்பட வேண்டியது பேட்டரி மிச்சம் புடிக்கிற செட்டிங்ஸ்தான். பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷ்னு ஒன்னு, படம் மாறாம நிக்கும்போது பேனலே தன்னோட மெமரியில இருந்து அதே படத்த காட்டிக்கிட்டு இருக்கும், சிப்பு தூங்கும், மவுஸ அசைச்சா மறுபடி முழிக்கணும், அந்த முழிக்கிற நேரத்துல தடுமாறுனா ஸ்கிரீன் ஒரு வெட்டு வெட்டும். சும்மா வேர்டு ஃபைல திறந்து வச்சிட்டு இருக்கும்போது வெட்டுது, படம் பாக்கும்போது வெட்டலைன்னா இதுவாத்தான் இருக்கும், இன்டெல் கிராபிக்ஸ் ஆப்ல பவர் பகுதியில ஆஃப் பண்ணலாம், பேட்டரி கொஞ்சம் கொறையும் அவ்ளோதான் நஷ்டம். வெட்டாம வெளிச்சம் மட்டும் ஏறி எறங்குதுன்னா வேற கதை, கருப்பு படம் வந்தா மங்கும் வெள்ளை பேஜ் வந்தா பளிச்சுங்கும், விண்டோஸ் 11ல பிரைட்னஸ் கிட்டயே கன்டென்ட்ட பொறுத்து வெளிச்சத்த மாத்துற ஆப்ஷன் இருக்கு, ஏஎம்டின்னா வேரி பிரைட், அத அணைச்சா போதும். பிரவுசர்ல மட்டும் மினுக்குனா குரோம்ல கிராபிக்ஸ் ஆக்சலரேஷன ஆஃப் பண்ணி பாருங்க. ரெஃப்ரெஷ் ரேட் (ஒரு செகண்டுக்கு ஸ்கிரீன் எத்தன தடவை படத்த புதுசாக்குதுங்கிறது) 120ல இல்லாட்டி 144ல இருந்தா 60க்கு எறக்கி பாருங்க, ஆனா காசு குடுத்து 144 வாங்கிட்டு 60ல மட்டும்தான் ஒழுங்கா ஓடுதுன்னா அது தீர்வு இல்ல, கோளாறுக்கு சாட்சி.

இப்ப நம்ம டெல்டா சமாச்சாரம். மோட்டார் போட்டா வீட்டு லைட்டு மங்குது, அதான் லேப்டாப்பும் மினுக்குதுன்னு மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கமெல்லாம் நெறைய பேர் சொல்லி கேட்டிருக்கேன். பாதி சரி. சார்ஜர்ல எழுதி இருக்கும் பாருங்க, 100ல இருந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும், நடுவுல பேட்டரி வேற இருக்கு, அதனால லைட்டு மங்குற மாதிரி ஸ்கிரீன் மங்காது. ஆனா கரன்ட் போய் போய் வரும்போது லேப்டாப் சார்ஜர்ல இருந்து பேட்டரிக்கும் பேட்டரில இருந்து சார்ஜருக்கும் மாறிக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் பிரைட்னஸ் மாறும், சில மாடல்ல ரெஃப்ரெஷ் ரேட்டும் மாறும், அப்ப ஸ்கிரீன் ஒரு நொடி இருட்டாகி வரும், பாக்குறவங்களுக்கு அது ஃப்ளிக்கர்தான். ஆத்துல தண்ணி இல்லாத மாசத்துல போர் மோட்டார் எல்லாம் ஒன்னா ஓடுற நேரத்துல இத பாக்கலாம். சார்ஜர கழட்டிட்டு வெறும் பேட்டரில ஒரு மணி நேரம் ஓட்டுங்க. மினுக்கல் சுத்தமா நின்னுச்சுன்னா வேற வீட்ல, எர்த் ஒழுங்கா இருக்கிற மூணு பின் பிளக்குல சார்ஜர் போட்டு பாருங்க, அங்கயும் சரியா இருந்தா ஒங்க வீட்டு வயரிங்கதான் பாக்கணும், அங்கயும் மினுக்குனா சார்ஜர மாத்த சொல்லணும். பேட்டரில மட்டும் மினுக்குது சார்ஜர்ல நல்லா இருக்குன்னா மேல சொன்ன பவர் சேவிங்தான்.

ஹார்டுவேர்னு தெரிஞ்சு ரிட்டர்ன் டைமும் இருக்குன்னா வாங்குன இடத்துல மாத்துறதுக்கு ஈடு எதுவுமே கெடையாது, சர்வீஸ் சென்டர் பேச்சே வேணாம். கும்பகோணத்துல தஞ்சாவூர்ல நேரா கடையில வாங்குனவங்களுக்கு இதுல பலம் அதிகம், முகம் பாத்து பேசலாம், கடை முன்னாடியே ஆன் பண்ணி காட்டலாம். சில கடையில கம்பெனிகிட்ட இருந்து டிஓஏ, அதாவது வரும்போதே கோளாறுன்னு ஒரு சான்று கேப்பாங்க, அதுக்கான நாள் கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால இன்னைக்கே கம்ப்ளைன்ட் நம்பர் வாங்கிருங்க, மெஷின் அடுத்த வாரம் போகட்டும், கம்ப்ளைன்ட் தேதிதான் பேசும். ஆன்லைன்ல வாங்குனா வெலை கொறைஞ்சிருக்கும், ஆனா லேப்டாப்னா பல நேரம் ரீப்ளேஸ்மென்ட்டுக்கு முன்னாடி பிராண்டு டெக்னீசியன் வந்து பாக்கணும்னு சொல்லுவாங்க, வேதாரண்யம் முத்துப்பேட்டை மாதிரி உள்ள தள்ளி இருக்கிற பின்கோடுக்கு அவர் வர்றதுக்குள்ள ரிட்டர்ன் நாளு போயிரும்னு பயம் இருக்கும்ல, அதனால மொத நாளே ஆப்ல ரிக்வெஸ்ட் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கணும். அட்டைப்பெட்டி, உள்ள வந்த தெர்மாக்கோல், சார்ஜர் எதையும் தூக்கி போட்டுறாதீங்க.

ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருந்தா சர்வீஸ் சென்டர். இதுல ஆன்சைட் வாரன்டி இருக்கிறவங்க குடுத்து வச்சவங்க, வீட்டுக்கே வந்து பேனலோ கேபிளோ மாத்திட்டு போவாங்க, நாகப்பட்டினத்துல இருந்தோ வேதாரண்யத்துல இருந்தோ திருச்சிக்கு பஸ் ஏறுனா ஒரு நாள் முழுசா போச்சு, அந்த செலவையும் கணக்குல சேத்தா வாங்கும்போதே ஆன்சைட் இருக்கிற மாடல எடுக்குறது டெல்டால உள்ள தள்ளி இருக்கிறவங்களுக்கு நிச்சயமா லாபம். கொண்டுபோய் குடுக்குற வாரன்டின்னா போறதுக்கு முன்னாடி ஃபோன் போட்டு பார்ட் ஸ்டாக்ல இருக்கான்னு கேட்டுட்டு போங்க. அங்க ஆன் பண்ணா மினுக்கவே மினுக்காது, அது இந்த கோளாறோட கொணம், அதுக்குத்தான் வீடியோ. ஜாப் ஷீட்ல (மெஷின வாங்கும்போது அவங்க எழுதி குடுக்குற சீட்டு) ஸ்கிரீன் மினுக்குது, மூடிய சாய்ச்சா அதிகமாகுது, சூடானா வருதுன்னு நீங்க சொல்ற வார்த்தையவே எழுத சொல்லுங்க, சும்மா டிஸ்ப்ளே ப்ராப்ளம்னு எழுதுனா விண்டோஸ ரீசெட் பண்ணிட்டு குடுத்துருவாங்க, உங்க ஃபைலும் போகும். பேக்கப் எடுக்காம குடுக்கவே குடுக்காதீங்க.

பக்கத்து மெக்கானிக் விஷயத்துல என் கருத்து நேரானது. அவங்க கை வேலை நல்ல வேலை, வாரன்டி முடிஞ்ச மெஷினுக்கு கேபிள் மாத்தணும் பேனல் மாத்தணும்னா கம்பெனிய விட கொறைஞ்ச காசுல அன்னைக்கே முடிச்சு தருவாங்க, என் பழைய லேப்டாப் இன்னும் ஓடுதுன்னா அப்படி ஒருத்தர் கையாலதான். ஆனா வாரன்டில இருக்கிற புது மெஷினோட மூடிய அவங்க தொறக்க கூடாது, இப்ப வர்ற மெல்லிசு மாடல்ல பெசல் (ஸ்கிரீன சுத்தி இருக்கிற சட்டம்) எல்லாம் டேப்பு போட்டு ஒட்டி வருது, நெம்பும்போது பேனல் ஓரம் கீறுனா வாரன்டிய மறுக்க கம்பெனிக்கு நாமளே காரணம் எடுத்து குடுத்த மாதிரி ஆயிரும். வேணும்னா தொறக்காம, வேற மானிட்டர் போட்டு சோதிச்சு சொல்லுங்கண்ணேன்னு கேளுங்க, அதுக்கு முகம் சுளிக்க மாட்டாங்க.

ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே எரியுற) ஸ்கிரீன் வாங்குனவங்களுக்கு மட்டும் தனியா சொல்றேன். அந்த பேனல்ல நெறைய மாடல் வெளிச்சத்த கொறைக்கிறதுக்கு ரொம்ப வேகமா அணைச்சு அணைச்சு எரியும், கேமராவுல பாத்தா பட்டை பட்டையா ஓடும், பிரைட்னஸ் கம்மியா வச்சா சிலருக்கு கண்ணு வலி தலைவலி வரும். இது கோளாறு இல்ல, சர்வீஸ் சென்டர்ல மாத்தி குடுத்தாலும் அதே மாதிரி பேனல்தான் வரும். பிரைட்னஸ ஏத்தி வச்சு பாருங்க, கண்ணு ஒத்துக்கலைன்னா ரிட்டர்ன் டைம்க்குள்ள குடுத்துட்டு ஐபிஎஸ் (பின்னாடி லைட்டு வச்ச எல்சிடி) பேனல் இருக்கிற மாடலா மாத்திக்கிறது நல்ல வழி.

எல்லாம் பண்ணியும் கடையும் கம்பெனியும் மாத்தி மாத்தி கை காட்டுனா 1915க்கு போடுங்க, அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுலயும் நகரலைன்னா நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2019 படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே கேஸ் போடலாம், கம்பெனி பெங்களூர்ல இருந்தாலும் நீங்க அங்க போக வேண்டியதில்ல. 5 லட்சம் வரைக்கும் வாங்குன பொருளுக்கு நுகர்வோர் கமிஷன்ல கட்டணம் கெடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். கேக்குறது பில்லு, கம்ப்ளைன்ட் நம்பர், ஜாப் ஷீட்டு, அந்த வீடியோ, இந்த நாலும் ஒரே ஃபோல்டர்ல இருக்கட்டும், அந்த ஃபோல்டர் மினுக்குற லேப்டாப்ல இல்லாம ஃபோன்லயோ மெயில்லயோ இருக்கட்டும்.