மிரிஸ்ஸவா, திருகோணமலையா? பிள்ளைகளோடு கடலுக்குப் போகிறவர்களுக்கு

இலங்கையில் திமிங்கிலம் பார்க்கவும் ஸ்நோர்க்கல் போடவும் போகிறீர்களா? முதலில் எந்த மாதம் என்று சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான், ஏனென்றால் ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்து இறங்கிவிட்டு மிரிஸ்ஸவில் நீலத் திமிங்கிலம் பார்க்கப் போகிறோம் என்று நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தென்மேல் பருவக்காற்றில் தெற்குக் கடல் கொந்தளித்துக் கிடக்கும் காலம் அது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கில் மிரிஸ்ஸ, மே முதல் செப்டெம்பர் வரை கிழக்கில் திருகோணமலை, அவ்வளவுதான் கணக்கு. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் மட்டும் இரண்டு பக்கமும் ஓரளவு சரிவரும், அப்போதுதான் யோசித்துத் தெரிவு செய்ய வேண்டியிருக்கும். (வடமேற்குக் கரையிலுள்ள கற்பிட்டியில் டொல்பின் கூட்டங்கள் நூற்றுக்கணக்கில் வரும், ஆனால் அதுவும் தெற்கின் பருவத்தில்தான்.)

அப்புறம் படகு. மிரிஸ்ஸவில் காலை ஆறரை வாக்கில் துறைமுகத்திலிருந்து இரண்டு தட்டுப் பெரிய படகுகள் புறப்படும். நிழல் உண்டு, கழிவறை உண்டு, அதனால் வயதானவர்களையும் கூட்டிப் போகலாம். ஆனால் ஒருமுறை ஏறினால் மூன்று மணித்தியாலம், சிலவேளை ஐந்து, இடையில் உங்கள் பிள்ளை சத்தி எடுக்கிறது என்பதற்காக அத்தனை பேரோடு போகும் படகை யாரும் திருப்ப மாட்டார்கள். திருகோணமலையில் பெரும்பாலும் சின்ன பைபர் படகுகள். கழிவறை கிடையாது, வெயில் நேரே தலையில். இருந்தாலும் படகு முழுக்க உங்கள் வீட்டுச் சனம், போதும் என்றால் திரும்பலாம். துறைமுக வாயிலுக்கு அருகிலேயே கடல் திடீரென்று ஆழமாகிவிடுவதால் திமிங்கிலம் கரையை ஒட்டியும் வரும். தெற்கிலோ தெவுந்தர முனைக்கு வெளியே பெரிய கப்பல்கள் போகும் பாதையின் பக்கம் வரை போக வேண்டியிருக்கும். எங்கே போனாலும், திமிங்கிலத்துக்குக் குறுக்கே படகை விட மாட்டேன் என்கிற ஓட்டியைத் தேடிப் பிடியுங்கள்.

ஸ்நோர்க்கல் போடுவதில், அதாவது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பதில், என் தீர்ப்பு கொஞ்சம் வேறு. இன்னும் நீச்சல் சரியாக வராத பிள்ளை என்றால் தெற்குதான், அதுவும் மிரிஸ்ஸவில் இல்லை, மாத்தறைப் பக்கம் பொல்ஹேன. முருகைக்கல் (பவளப்பாறை) அலையைத் தடுப்பதால் உள்ளே தண்ணீர் குளம்போல நிற்கும், கரையிலிருந்தே இறங்கலாம், ஆமையும் வரும். நன்றாக நீந்தும் பிள்ளைகளுக்குத் திருகோணமலைப் பக்கம் புறாத்தீவை விஞ்ச வேறு இடமில்லை. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான், பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம். செட்டை நுனி கறுத்த சுறாக்கள் காலுக்குக் கீழே போகும், பயப்பட ஒன்றுமில்லை, ஆளைக் கண்டால் அவைதான் விலகும். கரை முழுக்க உடைந்த முருகைக்கல், பழைய சப்பாத்து ஒன்று வேண்டும். 2003 முதல் தேசியப் பூங்கா என்பதால் நுழைவுச் சீட்டு தனி, படகுக் காசு தனி, வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் கட்டணம் பல மடங்கு. ஏறுவதற்கு முன்பே முழுக் கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாஸ்க்கை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். நாங்கள் வாடகைக்கு எடுத்தோம், பெரியவர்களின் அளவுதான் இருந்தது, முதல் நிமிடத்திலேயே மகளுடைய மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி, மிச்ச நேரம் முழுக்க அவள் கரையில் நண்டு பிடித்தாள். வாங்கியதும் வாளித் தண்ணீரில் முகத்தை வைத்துப் பழக்கிவிடுங்கள். உயிர்காப்பு அங்கியும் அப்படித்தான், பிள்ளையின் அளவில் இருக்கிறதா என்று முதல் நாளே போய்ப் பாருங்கள். கிறீம் பூசுவதைவிட நீளக்கைச் சட்டை நல்லது, ஏனென்றால் குப்புற மிதக்கும்போது எரிவது முதுகுதான். சத்தி மாத்திரையைப் பிள்ளையின் வயதைச் சொல்லி மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, படகில் ஏறுவதற்கு முன்பே கொடுங்கள், தலை சுற்றத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பெரிதாகப் பயனில்லை. காலையில் சொதியும் இடியப்பமும் வேண்டாம், வாழைப்பழமும் இஞ்சி பிஸ்கட்டும் போதும்.

திமிங்கிலத்தையும் ஸ்நோர்க்கலையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். விடியப்புறம் எழும்பிய பிள்ளை பத்து மணிக்கே தூங்கி விழும்.

படகே வேண்டாம் என்கிற பெரியவர் இருந்தால் எனக்குத் திருகோணமலைதான். எங்கள் அம்மம்மாவைக் கோணேசர் கோயிலில் விட்டுவிட்டுத்தான் போனோம். நாங்கள் அன்று டொல்பினை மட்டும் கண்டு திரும்பினோம், அவர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நின்றபடியே திமிங்கிலம் மூச்சு விட்டதைப் பார்த்திருக்கிறார்.