நாலு பச்சை விளக்கை நம்பாதீர்கள்: வென்டிலேட்டர் பேட்டரியோடு மூன்று வருடம்

தம்பிக்கு டூஷேன் தசைச்சிதைவு, மூச்சு விடும் தசைகளும் மெல்ல வலுவிழக்கும் நோய். 2022 ஜூனிலிருந்து இரவு முழுக்க, பகலில் நாலைந்து மணி நேரம், மாஸ்க் வழியாக வென்டிலேட்டர் ஓடுகிறது. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, லித்தியம் அயன் பேட்டரி யாருடைய பெட்டிக்குள் இருந்தாலும் அதன் குணம் ஒன்றுதான்.

உள்ளே ஒரு பேட்டரி, கழற்றி மாட்ட ஒன்று, ஒவ்வொன்றும் 4 மணி நேரம் என்று சொல்லித்தான் வாங்கினோம். வீட்டில் எப்போதும் பிளக்கிலேயே இருந்ததால் அப்புறம் யாரும் பேட்டரியை நினைக்கவே இல்லை.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் வீடு வேளச்சேரி. காலையிலேயே கரண்ட் போய்விட்டது, தெருவில் இடுப்பளவு தண்ணீர். கழற்றும் பேட்டரியின் பட்டனை அழுத்தினேன், நாலு பச்சை விளக்கும் எரிந்தன, சரி, மத்தியானம் வரை கவலையில்லை என்று நினைத்தேன். இரண்டரை மணி நேரத்தில் அலாரம் அடித்தது. ஃபேன், லைட் எல்லாவற்றையும் நிறுத்தி இன்வெர்ட்டரில் மெஷினை மட்டும் ஓட்டினோம், ராத்திரி முழுக்க அம்மா ஆம்பு பையை (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மறுநாள் படகு வந்த பிறகுதான் அண்ணா நகரில் பெரியம்மா வீட்டுக்குப் போக முடிந்தது.

அந்த விளக்குகள் காட்டுவது இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான். பேட்டரியே தேய்ந்து சின்னதாகிவிட்டதை அவை சொல்லாது. அதனால் இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு, பகலில், நான் பக்கத்தில் இருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு நேரம் பார்க்கிறோம். கணக்கு வைப்பது தம்பிதான். "அக்கா, 2 மணி 20 நிமிஷம், எழுதிக்கோ" என்பான், பேட்டரி மேல் ஒட்டிய பிளாஸ்திரியில் எழுதிவிடுவேன். 24 மணி நேரமும் மெஷினையே நம்பி இருப்பவர்களை வைத்து இப்படிச் செய்து பார்க்காதீர்கள், டெக்னீஷியனைக் கூப்பிட்டு, அவர்களை மாற்று மெஷினுக்கு மாற்றிவிட்டு, இந்த மெஷினில் டெஸ்ட் லங் (நுரையீரலுக்குப் பதில் மாட்டும் சோதனைப் பை) மாட்டிப் பாருங்கள்.

பேட்டரியைச் சீக்கிரம் கொல்வது வெயில்தான். எங்கள் மெஷின் மேற்கு ஜன்னல் ஓரம் இருந்தது, ஃபுல் சார்ஜும் சூடும் சேர்ந்தால் அது வேகமாகத் தேயும் என்று டெக்னீஷியன் சொன்ன அன்றே இடத்தை மாற்றினோம். ஃபில்டரில் தூசி அடைத்தாலும் மெஷின் சூடாகும், வாரம் ஒருமுறை பாருங்கள். மாஸ்க்குக்குப் போகும் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரின் சூடேற்றும் தட்டு கரண்டை நிறையக் குடிக்கும், பேட்டரியில் ஓடும்போது அது வேண்டாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை காரில் வேலூர் போகிறோம். கிளம்பும் முன் முதல் வேலை ஹியூமிடிஃபையரைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டுவது, கார் குலுங்கினால் அந்தத் தண்ணீர் மெஷினுக்குள் போய்விடும்.  மெஷினைப் பின் சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டுகிறோம், காற்று இழுக்கும் பக்கம் வெளியே பார்த்து இருக்க வேண்டும், மேலே துண்டு, போர்வை எதுவும் கூடாது. காரின் 12 வோல்ட் சாக்கெட்டுக்குக் கம்பெனி தரும் ஒயரையே வாங்குங்கள், இன்ஜின் ஓடும்போது அதில் ஓட்டிப் பேட்டரியை மிச்சம் பிடிக்கலாம். ஒருமுறை மே மாதத்தில், வாலாஜா பக்கம் சாப்பிட இறங்கியபோது மாற்று பேட்டரியைக் காரிலேயே விட்டுவிட்டேன். திரும்பி வந்து தொட்டால் கை சுட்டது, சார்ஜில் போட்டால் ஏறவே இல்லை, ஆறும் வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அதிலிருந்து பேட்டரி என் தோள்பையில்தான், நான் எங்கே போனாலும் கூடவே வரும்.

விமானம் என்றால் மாற்று பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. உலோக முனைகளில் டேப் ஒட்டி, தனித்தனி கவரில் போடுங்கள். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட் அவருக்கு மேல் 160 வரை இருந்தால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டுதான். வாட் அவர் அச்சிடவில்லையென்றால் வோல்ட்டையும் ஆம்பியர் அவரையும் பெருக்குங்கள், 14.4 வோல்ட், 6.6 ஆம்பியர் அவர் என்றால் 95. டாக்டர் கடிதத்தோடு முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

பிளாஸ்திரியில் 2 மணி நேரத்துக்குக் கீழே வந்ததும் புது பேட்டரி வாங்கினோம். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள், கடையில் சும்மா கிடந்தாலும் அதற்கு வயதாகிறது.