மீன் இருந்த இடத்தில் எதை வைப்பது? பயறா, மீல் மேக்கரா, வேர்க்கடலையா?

நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் அசைவத்தை விட்டவர்களின் தட்டைக் கவனித்தால் ஒன்று புரியும். மீன் போனதும் அந்த இடத்துக்கு இன்னொரு கரண்டி சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் வந்துவிடுகின்றன. காவிரி டெல்டாவில் சோற்றுக்குப் பஞ்சமில்லை, அதனால் யாரும் இதைக் குறையாக நினைப்பதும் இல்லை. ஆனால் சர்க்கரை நோய் வீட்டுக்கு வீடு இருக்கும் காலத்தில் இது நல்ல மாற்றமே அல்ல. மீனையும் பிறகு பாலையும் விட நினைப்பவர்கள், விடுவதற்கு முன்பே அந்த இடத்துக்கு என்ன வரும் என்று முடிவு செய்துவிடுங்கள்.

ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2020 பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது சுமார் 50 கிராம். 100 கிராம் மீன் கொடுக்கும் 18 முதல் 20 கிராம் புரதத்தை ஈடுகட்ட மீல் மேக்கர் என்றால் 40 கிராம் போதும். உளுந்தோ பச்சைப்பயறோ என்றால் 80 கிராம் வரை வேண்டும். வேர்க்கடலையும் கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆனால் அதோடு நானூறு கலோரிக்கு மேல் சேர்ந்து வரும்.

கணக்கை மட்டும் பார்த்தால் மீல் மேக்கர்தான் ஜெயிக்கிறது. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சோயா மாவில் செய்வது அது. காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு 50 கிராமுக்கு மேல் புரதம். மென்று சாப்பிடும் உணர்வு இல்லையே என்று ஏங்குபவர்களுக்கு உண்மையிலேயே உதவுகிறது. வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை நன்றாகப் பிழிந்து, மிளகும் சோம்பும் தூக்கலாகப் போட்டு வறுத்தால் வாடை போய்விடும். ஆனாலும் தினமும் வைத்தால் ஒரு வாரத்திலேயே வீட்டில் எல்லோருக்கும் சலித்துவிடும். வாரம் இரண்டு நாள் சரி.

தினசரிச் சாப்பாட்டுக்கு என் ஓட்டு உளுந்துக்கும் பயறுக்கும்தான். அது எங்கிருந்தோ வர வேண்டியதில்லை. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதையைத் தெளிப்பார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும். ஆடுதுறை 3 என்ற பெயரில் உளுந்திலும் பச்சைப்பயறிலும் இங்கத்திய ரகங்களே உண்டு. அறுவடை முடிந்த கையோடு களத்திலேயே வாங்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு வைத்தால் பல மாதம் தாங்கும். சோற்றோடு அதற்கு நல்ல பொருத்தமும் இருக்கிறது: புரதத்தின் கூறுகளில் அரிசியில் குறைவாக உள்ள லைசின் பயறில் இருக்கிறது, பயறில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது.

ஆனால் நாலு இட்லி சாப்பிட்டதும் உளுந்து கணக்கு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துதான் அதில் இருக்கிறது. உளுந்தங்களி, பயறு சுண்டல், கும்பகோணம் கடப்பா என்று பருப்பே முதலிடத்தில் இருக்கும் பலகாரங்கள் வேண்டும். கடப்பா பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்ந்தது, பால் கிடையாது. கருவாட்டுக் குழம்பில் கத்திரிக்காயும் மொச்சையும் எப்படியும் போடுகிறோம். கருவாட்டை விட்டுவிட்டு மொச்சையை இரண்டு மடங்காக்கினால் குழம்பின் குணம் பெரிதாக மாறாது. வாயுத் தொல்லைக்குப் பயந்தால் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெருங்காயம், இஞ்சி சேர்த்து வேகவையுங்கள். முதல் இரண்டு வாரம் அளவைக் குறைவாகவே வையுங்கள்.

வேர்க்கடலை மாலை நேரத்துக்கு நல்லது. அவித்துச் சாப்பிடுங்கள். மீனுக்கு மாற்றாக அதை மட்டும் நம்பினால் எடை ஏறும்.

அப்புறம் பால். டெல்டாவில் மீனை விடுவதைவிடக் காலை டிகிரி காப்பியை விடுவதுதான் கஷ்டம். தேங்காய்ப்பால் ஆப்பத்துக்கும் இடியாப்பத்துக்கும் அருமை, ஆனால் காப்பியில் எண்ணெய் மிதக்கும். புரதமும் கால்சியமும் அதில் மிகக் குறைவு. சோயா பாலில் பசும்பால் அளவுக்குப் புரதம் உண்டு, ஆனால் சூடான டிகாக்‌ஷனில் ஊற்றினால் திரியலாம். பாலை முதலில் வெதுவெதுப்பாக்கி, அதில் டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் பெரும்பாலும் திரியாது. என்னைக் கேட்டால் கடுங்காப்பியே மேல். தயிருக்கு வேர்க்கடலைப் பால் கைகொடுக்கும்: அரைத்து வடிகட்டிக் காய்ச்சி, ஆறியதும் பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு வைத்தால் உறையும்.

கால்சியத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை. வெற்றிலைக் கொடிக்கால் உள்ள ஊர்களில் கொடி படரவே அகத்தியை நடுகிறார்கள், கீரைக்கு அலைய வேண்டாம். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட உடனே காப்பி குடித்தால் இரும்புச்சத்து சேர்வது குறையும்.

வைட்டமின் பி12 விஷயத்தில் மட்டும் ஒப்பீட்டுக்கே இடமில்லை. உளுந்து, சோயா, கீரை எதுவும் அதைத் தராது. பழைய சோற்றிலும் புளித்த மாவிலும் கிடைக்கும் என்கிறார்கள், அதை நம்பி இருக்கக் கூடாது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது, சில வருடம் கழித்துக் கால் மரத்துப்போகும்போதுதான் தெரியும். பாலையும் விடுபவர்கள் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்தே பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், அவர்கள் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும்.

ஒரேயடியாக எல்லாவற்றையும் விடுவதா, ஒவ்வொன்றாகவா? ஒவ்வொன்றாகத்தான். புரட்டாசியில் பல வீடுகளில் அடுப்பில் அசைவம் ஏறாது, அப்போது மீனை விட்டால் தனியாகச் சமைக்கும் வேலை யாருக்கும் இல்லை. பயறுக்கு வயிறு பழகியதும் மார்கழியில் பாலை நிறுத்தலாம். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், குழந்தைகளுக்கும் அப்படியே.