முழுநாள் வகுப்பா, மாதக் கூட்டத்தில் அரை மணி நேரமா?

என் பொறுப்பில் 22 அங்கன்வாடி மையங்கள். டீச்சர்களை ஊட்டச்சத்துப் பயிற்சிக்கு வரவைக்க இரண்டு வழியும் பார்த்துவிட்டேன். ஒன்று, எல்லோரையும் ஓரிடத்துக்கு வரச்சொல்லி முழுநாள் வகுப்பு. இன்னொன்று, என் பகுதி (செக்டார்) டீச்சர்கள் எல்லோரும் கூடும் மாதாந்திர செக்டார் கூட்டத்திலேயே ஒரு தலைப்பு. இப்போது நான் இரண்டாவது கட்சி.

முழுநாள் வகுப்பும் மோசமில்லை. விவரம் தெரிந்தவர் வந்து பேசுவார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அடிப்படை எல்லாம் ஒரே மூச்சில் கிடைத்துவிடும்.

ஆனால் அன்றைக்கு மையத்தை யார் பார்ப்பது? வராதவர்களுக்கு ஆர்வமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தப்பு. டீச்சர் கிளம்பிவிட்டால் உதவியாளர் ஒருத்தர்தான். அடுப்பில் சாதம் கொதிக்கும்போது ஒரு பிள்ளை வாசலைத் தாண்டி ஓடும். உதவியாளர் இடம் காலியாக இருந்தால் மையத்தைப் பூட்டத்தான் வேண்டும். பூட்டினால் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கிடையாது. அம்மாக்கள் டீச்சரைத்தான் கேட்பார்கள். செக்டார் கூட்டத்துக்கு என்றால் அறிக்கை கொடுக்க எப்படியும் வருகிறார்கள், தனியாக ஒரு நாள் போவதில்லை. போஷன் அபியான் என்ற தேசிய ஊட்டச்சத்துத் திட்டத்தில் வந்த ஐ.எல்.ஏ. முறையும் (கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்வது) இதுதான்: 21 பாடங்கள், ஒரு தடவைக்கு ஒன்று.

கூப்பிடுவதோடு விடாமல், யார் செய்து காட்டுவது என்று முறை வைத்தேன். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கான சத்துமாவுக் கஞ்சிதான் முதல் தலைப்பு. தண்ணியாக இருந்தால்தான் செரிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை நம்பி, டீச்சர்களில் சிலரும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு முறை வந்த டீச்சர் இரண்டு கிண்ணம் கஞ்சி கொண்டு வந்தார். கரண்டியைச் சாய்த்ததும் ஒன்று ஒழுகியது, மற்றது அப்படியே நின்றது. “இவ்வளவு கெட்டியாக் கொடுத்தா விக்காதா அக்கா?” என்று ஒருவர் கேட்க, அவரையே விரலில் எடுத்து நாக்கில் வைக்கச் சொன்னார். மழுமழுவென்று இறங்கியது. “தண்ணிக் கஞ்சியில வயிறு ரொம்பும், சத்து ஏறாது” என்றார் அக்கா. நான் வாயே திறக்கவில்லை.

குறையும் உண்டு. செயலியில் பதிவு ஏறவில்லை என்ற பேச்சு வந்தால் கூட்டம் முழுக்க அதிலேயே போய்விடும். அதனால் இப்போது பாடம் முதலில், அறிக்கை அப்புறம். போனில் வீடியோ அனுப்புவது மூன்றாவது வழி. இரண்டே தடவை செய்ததால் அதைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அடுத்த மாதத் தலைப்பு, குழந்தை மெலிந்திருக்கிறதா என்று பார்க்க மேல்கையை அளக்கும் கைச்சுற்றளவு நாடா. அளக்க யார் வீட்டுக் குழந்தையைக் கூட்டி வருவது என்றுதான் இன்னும் முடிவாகவில்லை.